கிரகணமும் சிவஞானமும்

உலகத்தில் வழங்கும் சமயங்கள் ஒன்றோடொன்று மாறுபடுங்கால், தத்தம் பொருளை நாட்டுதற்கு நூலுரையையும் யுக்தியையும் துணையாகக் கொள்ளுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். பௌதிக சாஸ்திரத்தையே படைக்கலமாக எடுத்து ஒரு சமயம் மற்றொரு சமயத்தை வெல்ல முற்படுதல் பிற்காலத்து வழக்கம். அது தமிழ்மக்களிடையே நன்கு விளங்கிய இடம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. அங்கே அமெரிக்கக் கிறிஸ்தவப் பாதிரிமார் நிறுவிய உயர்கலாசாலையின் வரலாறு, சமயத்துக்கும் சாஸ்திரத்துக்கும் உள்ள இயைபு யாது என ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுவது. அதனைச் சைவருட் சிலர் பகைமை பற்றியே நினைப்பர். சிலர் வியப்புப் பற்றியே நினைப்பர். அவ்விரண்டும் ஒழித்து, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு நோக்குதல் நலம்.

அமெரிக்க மிஷனைச் சார்ந்த பாதிரிமார் யாழ்ப்பாணத்தில் வந்து தங்கியது 1816ஆம் ஆண்டிலாம். அவருள் தலைமையானவர் தானியேல் பூர் என்பவர். ஊர்தோறும் சிறு பள்ளிகள் அமைத்தபின், உயர்கல்விக்கென 1823இல் வட்டுக்கோட்டையிலே 'செமினரி' எனப்படும் கலாசாலையை அவர்கள் தொடங்கினார்கள். பூர் அதன் முதற் றலைவரானார். வேதாகமத்தோடு கணிதம், கேத்திரகணிதம், வானசாஸ்திரம், பௌதிகம் என்பனவும், ஆங்கிலமும், தமிழிலக்கண விலக்கியங்களும், வடமொழியும் அங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் தெனென்ற் என்பவர், 1850இல் வெளியிட்ட தமது நூலிலே, இக்கலாசாலையின் கல்வி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கல்விக்கு ஒப்பாகத் தக்கது என மதித்திருக்கின்றார். பனங்கூடலின் நடுவே அமைந்த ஒரு பள்ளிக்கு இது சிறு புகழன்று.

இனி, இத்துணைப் பொருளும் உழைப்பும் செலவிட்டுப் பௌதிக சாஸ்திரங்களைக் கற்பித்தது எற்றுக்கெனின், அதற்குப் பாதிரிமார் கொண்ட கருத்து ஒன்றுண்டு. புராணங்களிலே மேருவைச் சூழ்ந்த ஏழு தீவும் ஏழு கடலும் கூறப்பட்டன; சந்திர சூரியரை இராகு கேதுக்கள் பற்றுகின்றன எனவுங் கூறப்பட்டது. பூகோளமும் ககோளமும் கற்ற மாணாக்கன் இவை காட்சியோடு மாறுபடுதலைக் காண்பான். காணவே, அவற்றைக் கூறிய நூல் முழுவதும் பொய் என்பான். நூல் பொய்யாகவே, அது கூறுங் கடவுளும் பொய் என்பான். அதன்பின் கிறிஸ்துவே மெய்க்கடவுள் எனத் தெளிவான். இஃது அவர் கட்டிய ஏணி. இவ்வேணியில் நான்கு படிகள் உள்ளன. அவற்றுள் வானசாஸ்திரம் தருவது முதற்படி ஒன்றே. இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் யாதொரு கணிதத்தாலும் பெறப்படாதன. இதனைப் பாதிரிமாரும் அக்காலத்து நுனித்துணர்ந்திலர். அவரை எதிர்த்த சைவருட் பலரும் உணர்ந்திலர்.

முதற்படியைக் காட்டுதற்கு ஒரு சமயம் 1829இல் வாய்த்தது. யாழ்ப்பாணத்திலே பஞ்சாங்கங் கணித்தலைக் குலத்தொழிலாகக் கொண்ட குடியொன்று அராலியிலே விளங்கியது. அக்குடியிற் றோன்றி, கணிதத்திலும் புலமையிலும் மிக்கவராய், ஊர்மக்களால் பெரிதும் மதிக்கப்பட்டவர் விசுவநாத சாஸ்திரியார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்கு அவர் கணித்த தொடக்கமும், நின்ற காலமும், மறைப்பின் அளவும் ஐரோப்பிய முறையாற் கணித்தவற்றோடு வேறுபட்டன. தொடக்கத்தில் மட்டும் வேறுபாடு கால்மணியளவு. பூர் அவ்வேறுபாட்டை முன்னரே யாவர்க்கும் அறிவித்து, எது மெய்யாகின்றதென வானமே சொல்லட்டும் என்றார். குறித்த நாளிலே மக்கள் கூடி நோக்கினார்கள். கிரகணம் ஐரோப்பியக் கணக்கின்படியே நிகழ்ந்தது.

இச்செய்தி மிஷன் நூல்களிலே வெற்றிச் செய்தியாகப் பலகாலும் எடுத்தோதப்பட்டது. அது வெற்றியே, அதனை மறைத்தல் சைவர்க்கு அழகன்று. ஆயின் அஃது எதன்மேற் கொண்ட வெற்றி என்பதை ஆராய்தல் வேண்டும். சாஸ்திரியார் கிரகணத்தைக் கணித்தது பாம்பொன்று வாய்திறந்து விழுங்குவதாக எண்ணியன்று. சோதிட நூலார் இராகு கேதுக்களைச் சந்திரன் செல்லும் வழியும் சூரியன் செல்லும் வழியும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களாக வைத்தே கணிப்பர். பூமியின் நிழல் சந்திரனை மறைத்தலே சந்திர கிரகணம் என்பதை ஆரியபடர் தாம் 499ஆம் ஆண்டிலே செய்த நூலிற் கூறியுள்ளார். ஆகவே வட்டுக்கோட்டையிலே அன்று எதிர்நின்றவை புராணமும் சாஸ்திரமும் அல்ல. ஒரு பழங்கணிதமும் ஒரு புதுக்கணிதமுமாம். பழங்கணிதத்தின் வாக்கியங்கள் நெடுங்காலம் வானத்தோடு ஒத்துநோக்கித் திருத்தப்படாமையின் வழு நேர்ந்தது.

அப்பழங்கணிதமும் எள்ளத்தக்கதன்று. அதற்கு நான்காண்டுக்கு முன், 1825இலே, புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் ஏட்டையும் எழுதுகோலையும் தொடாது, சோழிகளை நிலத்திற் பரப்பி, மனப்பாடமாகவிருந்த வாக்கியங்களைக்கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்பவர் அதனைத் தமது 'காலசங்கலிதம்' என்னும் நூலிற் பதிவு செய்தார். பின்னாளிற் கணித வரலாற்றறிஞர் ஒருவர் அதனை ஆராய்ந்து, தொடக்கத்தில் நான்கு நிமிட அளவே வேறுபாடு எனக் கண்டார். ஆயினும் முடிவில் வேறுபாடு முக்கால் மணிக்கு மேற்பட்டது. நன்றாகக் கணித்தார் என்றலும் உண்மை. திருத்தம் வேண்டியிருந்தது என்றலும் உண்மை. இரண்டினுள் ஒன்றை மறைத்து ஒன்றையே பேசுவோர் சாஸ்திரத்துக்கும் சமயத்துக்கும் ஒருங்கே தீங்கு செய்வோராவர்.

அற்றேல், கிரகணக் கணக்கிலே தோல்வியுற்ற சைவர்க்குச் சமயத்திலும் தோல்வி நேர்ந்ததன்றோ எனின், அன்று. சைவசித்தாந்தம் பொருளை அளந்தறியுங் கருவிகளாகக் காட்சி, அனுமானம், ஆகமம் என்னும் மூன்றனைக் கொண்டது. காட்சிக்கும் அனுமானத்துக்கும் எட்டும் பொருளைக் காட்சியாலும் அனுமானத்தாலுமே துணிதல் வேண்டும். நிழலின் நீளமும், கோளின் கதியும், நோயின் காரணமும் இவ்வகையின. அவற்றுக்கு எட்டாத பதியின் இயல்பையும், உயிர் மலத்தினின்று நீங்கும் நெறியையும் அறிவிப்பது ஆகமம். இன்னும், அறிவைப் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூன்றாகப் பகுத்து, பொறிகளாலும் சொற்களாலும் வரும் அறிவு பாசஞானம் என வைத்தனர் ஆசிரியர். பாசஞானம் என்றது இழிபுரையன்று; அதற்கு எல்லை வகுத்தவாறு. எல்லைக்குள்ளே அஃது அரசு. எல்லைக்கப்பால் அதற்குச் செல்கையில்லை. தொலைநோக்கியால் சிவத்தைக் காணாமை தொலைநோக்கியின் குற்றமுமன்று; சிவமின்மைக்குச் சான்றுமன்று.

கல்வியின் பயன் பாதிரிமார் நினைந்தவாறு விளைந்ததோ எனின், விளைந்தது வேறு. 1857இலே சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் நடத்திய பீ. ஏ. தேர்வில் தேறியவர் இருவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைக் கலாசாலையிலே பயின்றவர். விசுவநாதபிள்ளை தமிழில் 'வீசகணிதம்' இயற்றியவர். முன்னர்க் கிறிஸ்து சமயச் சார்பில் நின்று எழுதியவர். பின்னர்ச் சைவத்துக்கு மீண்டவர். தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்து, சைவராகி, 'சைவமகத்துவம்' எழுதியவர். தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டினின்று அச்சேற்றித் தமிழ் உள்ளளவும் நினைக்கப்படுபவர். பல பிரதிகளை ஒத்துநோக்கிப் பாடந் துணிந்த அவர் நுண்மைக்கு வட்டுக்கோட்டைக் கல்வியும் ஒரு காரணமாதல் கூடும். நூலை ஐயுற்று ஆராய்க எனக் கற்பித்தோர், புராணத்தை மட்டும் ஆராய்க, விவிலியத்தை விடுக எனத் தடைசெய்தல் எங்ஙனம் இயலும்? தீட்டிய வாள் இருபுறமும் கூர்மையுடையதாயிற்று.

அதனை அமெரிக்காவிலிருந்த தலைமைச் சங்கத்தாரும் கண்டனர். மாணாக்கர் ஆங்கிலமும் சாஸ்திரமும் கற்று அரசாங்க வேலையை நாடுகின்றனரேயன்றிச் சபையிற் சேர்ந்து ஊழியஞ் செய்வார் சிலரே என்னுங் குறை எழுந்தது. சங்கத்தின் செயலாளராகிய ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்வையிட்டார். சமயப் பிரசாரத்துக்குத் தாய்மொழியிற் கற்பிக்குஞ் சிறு கல்வி போதும் என்பது அவர் கொள்கை. 1855இல் கலாசாலை மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே, அதனைத் தொடங்கிய தானியேல் பூரும் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். முப்பத்திரண்டு ஆண்டு ஒளிவீசிய கலாசாலையை அணைத்தது சைவரது எதிர்ப்பன்று. கல்வி தான் எதிர்பார்த்த கனியைத் தரவில்லை என அதனை நட்டவரே கைவிட்டனர். பின்னர் அவ்விடத்தே உயர்கல்வி வேண்டும் என்று ஊரவரும் பழைய மாணாக்கரும் முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

சாஸ்திரம் தன்னை ஏவினவரையே திரும்பி நோக்கிய செய்தி வேறோரிடத்தும் உண்டு. அமெரிக்கப் பாதிரிமார் முயற்சியால் 1866இல் பெய்ரூத்து நகரிலே சிரிய புரொட்டஸ்தாந்து கல்லூரி தொடங்கப்பட்டது. 1882இல் அக்கல்லூரியின் பட்டமளிப்பு விழாவிலே இரசாயனப் பேராசிரியர் எட்வின் லூயிஸ் ஆற்றிய உரையில் டார்வினைப் பாராட்டிப் பேசினார். அது காரணமாகப் பெருங்கலகம் எழுந்தது. லூயிஸ் பதவி விலக நேர்ந்தது. அவர்பொருட்டு வேறு ஆசிரியர் சிலரும் விலகினார்கள். மருத்துவ மாணாக்கரும் கிளர்ந்தெழுந்தார்கள். பிறர் நூல்களைப் பௌதிகத்தால் அளந்தபோது இனித்த அளவுகோல், ஆதியாகமத்தை அளக்கத் தொடங்கியபோது கைத்தது. இதனை எடுத்துரைத்தல் கிறிஸ்தவரை நகுதற்கன்று. ஒரு சமயத்தின் உண்மையைப் பௌதிக முடிபின்மேல் நிறுத்துவார்க்கு நேர்வது இதுவென அறிதற்கேயாம்.

வட்டுக்கோட்டை வரலாற்றிலே ஆழ்ந்து சிந்திக்கத்தக்கவர் ஹென்றி ஹாய்சிங்டன் என்பவர். பூருக்குப்பின் 1836இல் கலாசாலைத் தலைமையேற்றவர் இவர். வானசாஸ்திரத்திலே மிக்க ஈடுபாடுடையவர். வென்றோம் என்று பேசியமையாது, எதனை வென்றோம் என அறிய விரும்பினார். தமிழர் சோதிடத்தை முறையாகக் கற்று, 1848இலே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் இந்துக்களின் வானசாஸ்திரத்தை மொழிபெயர்ப்போடும் குறிப்புக்களோடும் பெருநூலாக வெளியிட்டார். இகழ நினைந்தவன் இத்துணை உழையான். பின்னர் உடல்நலங் குன்றித் தாயகம் மீண்டார். மீண்டவர் கையிலே கொண்டுபோனவை தமிழ்ச் சாஸ்திர நூல்கள். தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றனையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையிலே வெளியிட்டார். நல்லசாமிப்பிள்ளையவர்களின் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பு 1895இல் வெளிவருதற்கு நாற்பதாண்டு முன்னரே, மெய்கண்டதேவர் திருவாக்கின் பொருள் அமெரிக்கத் தேசத்தில் அச்சாயிற்று. அதனைச் செய்தவர் சைவசமயத்தை அழித்தற்கென அனுப்பப்பட்ட ஒரு பாதிரியார்.

ஹாய்சிங்டன் சைவராயினாரல்லர். பாதிரியாராகவே வாழ்ந்து 1858இல் பாதிரியாராகவே இறந்தார். மொழிபெயர்ப்பிலே பிழைகளும் உண்டு. தமக்குரிய சமயக்கண்ணாற் பார்த்தெழுதிய இடங்களும் உண்டு. ஆயினும் அவர் செய்த இரு நூல்களை அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஒருண்மை புலப்படும். முதனூல் பஞ்சாங்கத்தை நிறுத்தறிந்தது. இரண்டாவது நூலுக்கு அவர் அந்தத் துலாக்கோலை எடுத்திலர், எடுக்கவும் இயலாது. பன்னிரண்டு சூத்திரங்களிலே ஒன்றேனும் கிரகணத்தின் நாழிகையைப் பற்றி நிற்பதன்று. உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலின் அதற்கு ஒரு முதல்வன் உளன் என்றும், உயிர் உடம்பின் வேறு என்றும், அறிவிக்க அறிவது என்றும் யுக்தியால் நாட்டிச் செல்லுவது அந்நூல். அதனை மறுக்க விரும்புவார் முதலிற் கற்றல் வேண்டும். புராணக் கதையைக் காட்டி எள்ளிய ஒரு கூட்டத்திலிருந்து, சித்தாந்தத்தைக் கற்றாலன்றிச் சைவத்தை அறிதல் கூடாதென ஒருவர் உணர்ந்தமை, 1829ஆம் ஆண்டு வெற்றியினும் பெரிய நிகழ்ச்சி.

அம்மிஷனைச் சார்ந்த மற்றொருவரையும் நன்றியோடு நினைத்தல் கடன். 1847இல் வந்து மானிப்பாயிலே வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் நடத்திய சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் எனத் துணிந்தார். தாமே தமிழ் கற்று, மாணாக்கரைத் துணைக்கொண்டு, அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர் அவரிடம் பயின்றனர். 1884இல் இறந்த அவர் கல்லறையிலே, தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருளுடைய சொற்களே பொறிக்கப்பட்டன. நோய்தீர்க்கும் மருந்துக்குச் சமயம் இல்லை. அதனைச் சைவன் உண்டாலும் கிறிஸ்தவன் உண்டாலும் ஒன்றே. அவ்வறிவு தமிழிலே வந்தது தமிழர் பேறு.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் இவையனைத்தையும் அருகிருந்து கண்டவர். வெசுலியன் மிஷன் பாடசாலையிலே பயின்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர். கிறிஸ்து சமயத்தைக் கண்டித்தாரேயன்றி, அவர் கொணர்ந்த கல்விமுறையை வெறுத்தாரல்லர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, வகுப்புமுறையும் அச்சுப்புத்தகமும் வசனநடையும் சைவர்க்கு உரியவாக்கினார். தேவாரமும் சைவவினாவிடையும் கற்கும் பிள்ளைகள் பூமிசாஸ்திரமும் கற்கவேண்டும் என்று கருதி இலங்கைப் பூமிசாஸ்திரம் எழுதியவரும் அவரே. சைவத்தைக் காத்தற்குப் பூகோளத்தை மறைத்தல் வேண்டும் என அவர் ஒருகாலும் எண்ணினாரல்லர்.

இனி, இக்காலத்தார் அறியவேண்டுவதொன்றுண்டு. பூர் கொண்ட பிழை இன்று வேறுருவங்கொண்டு சைவரிடையே உலாவுகின்றது. ஜெனீவா நகருக்கணித்தாகிய சேர்ன் என்னும் அணுவாராய்ச்சிக் கூடத்திலே 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாள், இந்திய அரசு வழங்கிய நடராசத் திருவுருவம் நிறுவப்பட்டது. இரண்டு மீட்டர் உயரமுள்ள அத்திருவுருவத்தை அயல்நாட்டறிஞர் மதித்து வைத்திருத்தல் மகிழத்தக்கதே. ஆயின் அதுகாட்டி, அணுவின் கூத்தைச் சைவர் முன்னரே கண்டனர், ஆகவே சைவம் மெய் என மேடைதோறும் முழங்குவாரைக் கேட்கவேண்டுவதொன்று: நாளை அறிஞர் அணுவைப்பற்றிய கொள்கையை மாற்றின், ஆனந்தத் தாண்டவமும் மாறுமோ? பௌதிகம் நாடோறும் தன்னைத் திருத்திக்கொள்வது. அதுவே அதன் பெருமை. ஐந்தொழிலைக் குறிக்கும் திருக்கூத்தை அதன்மேல் நிறுத்துவோர் ஓடும் நீரின்மேல் ஆலயம் எடுப்போராவர். கிரகணக் கணக்கினாற் சைவம் வீழும் என்றவரும், அணுக்கணக்கினாற் சைவம் நிற்கும் என்பவரும் ஒரே தவறுடையர்.

அங்ஙனமாயின் சாஸ்திரத்தாற் சைவனுக்கு ஆவது யாது எனின், கிரகணத்தையே மீட்டும் நோக்குக. கிரகண காலத்திலே செபமும் தானமும் தருப்பணமும் செய்தல் வேண்டும் என்பது சைவர் ஆசாரம். அக்கிரியைகள் காலத்தையே பற்றி நிற்பன. பஞ்சாங்கம் கால்மணி பிழைப்பின் கிரகணம் தொடங்குதற்கு முன்னரே செபித்து, நிகழுங்காலத்தே வாளாவிருத்தல் நேரும். ஆகவே சரியான கணிதத்தைப் பிறரினும் முன்னே விரும்பவேண்டியவன் சைவனேயன்றோ? பூர் காட்டிய பிழை சமயத்துக்குப் பகையன்று; ஆசாரத்துக்குத் துணை. இன்றும் யாழ்ப்பாணத்திலே வாக்கியமும் திருக்கணிதமும் என இருவகைப் பஞ்சாங்கம் வழங்குகின்றன. திதியும் நட்சத்திரமும் வேறுபடுதலின் ஒரே விழாவை இருவேறு நாளிற் கொண்டாடுதலும் சிலபோது நிகழ்கின்றது. கோள்நிலையை வானத்தை நோக்கித் துணிதலும், துணிந்த காலத்திலே எக்கிரியை செய்தற்குரியது என்பதை ஆகமத்தை நோக்கித் துணிதலும் முறை. இரண்டற்கும் உரியவர் கூடியிருந்து ஆராயின் இவ்விடர் தீரும்.

சைவக் கலாசாலைகளை நடத்துவோர்க்கு இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. பிள்ளைகளுக்குப் பௌதிகத்தை ஒளியாது, குறையாது, உள்ளவாறு கற்பிக்க. அதனிடையே சமயப்பெருமை கலந்து அதன் தூய்மையைக் கெடாது விடுக. சித்தாந்தத்தையும் அவ்வாறே, கதையாகமட்டுமன்றி அளவையிலிருந்து தொடங்கி முறையாகக் கற்பிக்க. அளவை கற்ற மாணாக்கன், கிரகணம் நிழலால் வருவது எனக் கேட்டு நடுங்கான். அணுவும் ஆடுகின்றது எனக் கேட்டுத் துள்ளான். எவ்வறிவு எதன்கட் செல்லும் என்று அறிவான். வட்டுக்கோட்டையிலே பயின்ற தாமோதரம்பிள்ளையும், அங்கே கற்பித்த ஹாய்சிங்டனும் தத்தம் வழியிலே இதற்குச் சான்றாயினர். ஒருவர் பிறர் தந்த கல்வியோடு தம் சமயத்துக்கு மீண்டார். ஒருவர் தம் சமயத்தில் நின்றே பிறர் மெய்ந்நூலைப் பொன்னேபோற் போற்றிக் கொண்டுசென்றார். அத்தகைய நடுவுநிலைமை எல்லார்க்கும் வாய்ப்பதாக.

மெய்கண்டதேவர் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.